மூன்று ஓ.பி. சீட்டுகள்

எங்கள் வீட்டில் அம்மாச்சியின் சாவைப் பற்றிப் பேச்சு எடுத்தால் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும். “ஆஸ்பத்திரிக்கே போகல. பிடிவாதக்காரி.” பெரியம்மா சொல்வார், மாமா சொல்வார், அம்மாவும் சொல்வார். அம்மாச்சியின் முகமே ஞாபகமில்லாத நானும் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

1993 மார்ச்சில் காசநோயில் செத்துப்போனாள். சாத்தூர் பக்கம் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கும் வேலை. மாதக்கணக்கில் இருமியிருக்கிறாள். முந்தானையைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டு, சத்தம் வெளியே வராமல் இருமுவாளாம். கடைசியில் மதுரைக்குத் தூக்கிக்கொண்டு போனபோது, எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த டாக்டர், “இவ்ளோ நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க?” என்று கேட்டிருக்கிறார். அந்தக் கேள்விக்கு எங்கள் குடும்பம் முப்பது வருடமாகச் சொல்லிவரும் பதில்தான் ‘பிடிவாதக்காரி’.

போன வருடம் பெரியம்மா வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். பரணிலிருந்து இறக்கிய ஒரு போர்ன்விட்டா டப்பாவுக்குள் பழைய ரேஷன் கார்டு, சீட்டுப் பிடித்த ரசீதுகள், ஜோடி தொலைந்த ஒற்றைத் தோடு. அடியில் மூன்று ஓ.பி. சீட்டுகள். உள்ளங்கை அளவு மட்டக் காகிதம், மடிப்பில் கிழிந்திருந்தது. அம்மாச்சியின் பெயர், வயது 48. தேதிகள்: 1992 ஆகஸ்ட், 1992 நவம்பர், 1993 ஜனவரி. மூன்றிலும் கோழிக்கிறுக்கல் ஆங்கிலத்தில் இருமல் மருந்து எழுதியிருந்தது. ஒன்றில் கூடவே சத்து மாத்திரை.

போயிருக்கிறாள். மூன்று தடவை.

அன்று முழுக்க எனக்கு ஒரு கேள்வி ஓடிக்கொண்டே இருந்தது. ஏன் அந்தத் தேதிகள்? இருமல் தினமும்தான் இருந்தது. ஆகஸ்ட் மாதத்தில் ஒரு குறிப்பிட்ட காலையில் எழுந்து, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பஸ் ஏறி, வரிசையில் நின்றிருக்கிறாள் என்றால், அதற்கு முந்தின நாள் ஏன் போகவில்லை? அடுத்த நாள் வரை ஏன் தள்ளிப்போடவில்லை? உடம்பு சரியில்லாத மனிதர் எந்த நிமிடத்தில் ‘சரி, இன்னைக்குப் போயிடலாம்’ என்று முடிவெடுக்கிறார்?

கொஞ்சம் தேடியபோது, இந்தக் கேள்விக்கே ஒரு வரலாறு இருப்பது தெரிந்தது. அதில் ஒரு முக்கியமான பகுதி நமக்குப் பக்கத்திலேயே, பெங்களூருக்கு அந்தாண்டை தும்கூரில் நடந்திருக்கிறது.

*

முதலில் பாஸ்டன்.

1961இல் கெர் வைட் என்ற அமெரிக்க மருத்துவர் தன் சகாக்களுடன் சேர்ந்து ஒரு கணக்கு வெளியிட்டார். பெரியவர்கள் ஆயிரம் பேரை எடுத்துக்கொண்டால், ஒரு மாதத்தில் 750 பேருக்கு ஏதாவது ஒரு உடம்புக் கோளாறு வருகிறது. அதில் 250 பேர் டாக்டரிடம் போகிறார்கள். 9 பேர் ஆஸ்பத்திரியில் சேர்கிறார்கள். பெரிய பல்கலைக்கழக மருத்துவமனைக்குப் போகிறவர் ஒரே ஒருவர். மருத்துவ மாணவர்கள் பாடம் படிப்பது அந்த ஒருவரை வைத்து. மீதி 500 பேர் எங்கே போனார்கள்? வீட்டில்தான் இருக்கிறார்கள். கஷாயம் குடிக்கிறார்கள், தலையில் துணியைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள். உடம்பு சரியில்லாமல் இருந்தும் டாக்டரிடம் போகாமல் இருப்பதுதான் மனிதர்களின் சகஜ நிலை, போவதுதான் விதிவிலக்கு. இந்தக் கணக்கைப் பார்த்தபிறகு ‘ஏன் போகவில்லை’ என்று கேட்பதைவிட ‘ஏன் போனார்’ என்று கேட்பது புத்திசாலித்தனமாகத் தெரியும்.

அப்படிக் கேட்டவர் இர்விங் ஸோலா. சமூகவியலாளர். பதின்வயதில் போலியோ வந்தவர், பிறகு கார் விபத்திலும் அடிபட்டவர். காலில் காலிப்பரும் கையில் தடியுமாக நடந்தவர். பிற்காலத்தில் ஊனமுற்றோர் உரிமைக்காகப் பேசியவர். ஆஸ்பத்திரி வரிசையை இரண்டு பக்கத்திலிருந்தும் அறிந்த மனிதர். 1960களின் தொடக்கத்தில் பாஸ்டனில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையிலும், அதைச் சேர்ந்தாற்போல் இருக்கும் கண்–காது மருத்துவமனையிலும் புதிதாக வந்த 200க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் பேசினார். ஐரிஷ்காரர்கள், இத்தாலியர்கள், பழைய ஆங்கிலேய வம்சாவளியினர். அவர்களிடம் அவர் தேடியது ஒன்றைத்தான்: இந்தத் தொந்தரவு ரொம்ப நாளாக இருக்கிறதே, இப்போது ஏன் வந்தீர்கள்?

‘வலி தாங்க முடியவில்லை, அதனால் வந்தேன்’ என்பதுதான் பெரும்பாலோர் பதிலாக இருக்கும் என்று நாம் நினைப்போம். 1973இல் வந்த அவருடைய கட்டுரை வேறொன்றைச் சொல்கிறது. பலரும் வந்தது வலி உச்சத்தில் இருந்த நாளில் அல்ல. அதுவரை அந்த வலியோடு எப்படியோ ஒத்துப்போய்க்கொண்டிருந்தார்கள். அந்த ஏற்பாடு எங்கேயோ ஓரிடத்தில் உடைந்தது. வீட்டில் ஒரு சண்டை, ஒரு சாவு. அல்லது நாலு பேர் கூடும் இடத்துக்குப் போக முடியாமல் ஆகியது. அல்லது வேலை கெட்டது. அல்லது கூட இருப்பவர் யாரோ ‘நீ போயே ஆகணும்’ என்று பிடித்துத் தள்ளினார். அல்லது தனக்குத்தானே ஒரு கெடு வைத்துக்கொண்டு, ‘திங்கட்கிழமை வரை பார்ப்போம்’ என்று இருந்து, திங்கட்கிழமை வந்தது. இத்தாலியர்களுக்குக் குடும்பமும் உறவும் குலைவது காரணமானது, ஐரிஷ்காரர்களுக்கு இன்னொருவரின் வற்புறுத்தல், ஆங்கிலேய வம்சத்தவர்களுக்கு வேலை. இந்த இனப் பிரிவினையை அப்படியே எடுத்துக்கொள்ள எனக்குத் தயக்கம் உண்டு. நம்ம ஊரில் ஒரே தெருவில் மூன்று வகையினரும் இருப்பார்கள். ஒரே அம்மாச்சிக்குள்ளும் இருக்கலாம்.

அந்தக் கட்டுரையில் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொரு இடம். ஒருவரை அன்றைக்கு அங்கே கொண்டுவந்து சேர்த்த காரணத்தை டாக்டர் கண்டுகொள்ளாமல் விட்டால், அவர் சிகிச்சையைப் பாதியில் விட்டுவிட அதிக வாய்ப்பிருக்கிறது என்கிறார் ஸோலா. வேலை போய்விடுமோ என்று பயந்து வந்தவரிடம் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் மாத்திரையை மட்டும் எழுதிக்கொடுத்தால், மாத்திரை எவ்வளவு சரியானதாக இருந்தாலும் அவர் திரும்பி வராமல் போகலாம்.

*

பாஸ்டனில் ஸோலா இப்படி அலைந்துகொண்டிருந்த அதே காலத்தில், இங்கே கேள்வி இன்னும் அவசரமானதாக இருந்தது.

1946இல் போர் கமிட்டி அறிக்கை வந்தபோது, இந்தியாவில் 25 லட்சம் காசநோயாளிகள், வருடத்துக்கு 5 லட்சம் சாவு, சிகிச்சைக்கு இருந்த படுக்கைகள் 6,000 என்று மதிப்பிட்டிருந்தார்கள். 6,000 படுக்கைகளை வைத்துக்கொண்டு 25 லட்சம் பேரை என்ன செய்வது? அடுத்த இரண்டாம் வருடம், 1948இல், புதுமைப்பித்தன் இதே நோயில் போனார். இலக்கிய உலகம் அதை ஒரு மேதையின் அகால மரணமாகப் பேசுகிறது, பேசத்தான் வேண்டும். அந்தக் கால நிலவரத்தில் அவர் 5 லட்சத்தில் ஒருவர்.

பத்துப் பதினைந்து வருடத்துக்குள் இரண்டு விஷயங்கள் தெரியவந்தன. 1955 முதல் 1958 வரை நாடு தழுவிய மாதிரிக் கணக்கெடுப்பு நடந்தது. காசநோய் என்றால் பட்டணத்து நெரிசலின் வியாதி என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். கிராமத்திலும் அதே அளவு இருந்தது. நாட்டில் பெரும்பாலானோர் கிராமத்தில்தான் இருந்தார்கள் என்பதால், நோயாளிகளும் பெரும்பாலும் அங்கேதான்.

இரண்டாவது, நம்ம மெட்ராஸில் நடந்தது. 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கினார்கள். வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் அதை முன்னின்று நடத்தினார். நெரிசலான ஏழைக் குடியிருப்புகளிலிருந்து வந்த 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதியை சானடோரியத்தில் வைத்தார்கள், மறு பாதிக்கு வீட்டிலேயே அதே மருந்தைக் கொடுத்தார்கள். சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, காற்று, ஓய்வு. வீட்டில் ஒன்றுமில்லை, பழைய கஞ்சி, ஒரே அறை, அதே வேலை. ஒரு வருட முடிவில் இரண்டு தரப்பும் ஏறக்குறைய ஒரே மாதிரி குணமாகியிருந்தார்கள். வீட்டிலிருந்தவர்களின் குடும்பத்தாருக்கும் கூடுதலாக நோய் தொற்றவில்லை. 1959இல் முடிவு வெளியானதும் உலகம் முழுக்க சானடோரியங்களின் அடித்தளம் ஆட்டம் கண்டது. மலைக்காற்று, பால், முட்டை என்று நூறு வருடமாகச் சொல்லிவந்ததை மெட்ராஸின் ஓலைக்குடிசைகள் ஒரே வருடத்தில் தள்ளிவைத்துவிட்டன. (ஃபாக்ஸின் ஆட்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணிப் பார்ப்பார்கள், சிறுநீரைச் சோதிப்பார்கள். மருந்தை வாங்குகிறவர் எல்லாம் விழுங்குகிறவர் இல்லை என்பது அவருக்கு ரொம்ப சீக்கிரம் புரிந்துவிட்டது.)

ஆக, படுக்கை வேண்டாம். மருந்து போதும். மருந்தை யாருக்குக் கொடுப்பது? நோயாளியை எப்படிக் கண்டுபிடிப்பது?

அதிகாரிகளிடமும் நிபுணர்களிடமும் இதற்கு ஒரு பதில் தயாராக இருந்தது. கிராமத்து ஆட்களுக்கு விவரம் பத்தாது. இருமலை விதி என்பார்கள், சாமிக்கு நேர்ந்துகொள்வார்கள், நாட்டு வைத்தியரிடம் போவார்கள். தானாக ஆஸ்பத்திரிக்கு வர மாட்டார்கள். ஆகவே நாம்தான் போக வேண்டும். எக்ஸ்ரே வண்டிகளை ஊர் ஊராக ஓட்டி, எல்லோருடைய நெஞ்சையும் படம்பிடிக்க வேண்டும். பணக்கார நாடுகள் அப்படித்தான் செய்தன. 1961 மக்கள்தொகை 43 கோடிக்கு மேல். எத்தனை வண்டி, எத்தனை ஃபிலிம், எவ்வளவு டீசல்?

1959இல் பெங்களூரில் தேசிய காசநோய் நிறுவனம் தொடங்கியபோது இந்த மலைப்பு அவர்கள் முன்னால் இருந்தது. அங்கே நடந்த ஒரு நல்ல காரியம், டாக்டர்களோடு சமூக ஆய்வாளர்களையும் உட்கார வைத்தது. அவர்களில் இருவர் தேபாபர் பானர்ஜி, ஸ்டிக் ஆண்டர்சன். பானர்ஜி எம்.பி.பி.எஸ். படித்தவர், பிறகு அமெரிக்காவில் மானுடவியலும் பயின்றார். ஆண்டர்சன் உலக சுகாதார நிறுவனம் அனுப்பிய டென்மார்க்காரர்.

தும்கூர் மாவட்டத்தில் நிறுவனம் ஊர்ஊராகக் கணக்கெடுத்திருந்தது. எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை எல்லாம் முடித்து, யாருக்கு நோய் இருக்கிறது என்ற பட்டியல் கையில் இருந்தது. பானர்ஜியும் ஆண்டர்சனும் செய்தது கேட்டால் ரொம்ப சாதாரணமாக இருக்கும். பட்டியலில் இருந்தவர்களின் வீட்டுக்கு ஆட்களை அனுப்பிப் பேச வைத்தார்கள். கூடவே, அதே வயது, அதே பாலினத்தில் நோயில்லாதவர்களிடமும் பேச வைத்தார்கள். உங்களுக்கு இருமல் உண்டா? அதைப் பற்றிக் கவலைப்பட்டதுண்டா? ஏதாவது செய்தீர்களா?

1963இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் முடிவு வெளியானது. சளியில் கிருமி இருந்தவர்களில் ஏறக்குறைய 95 சதவீதம் பேர் தங்களுக்கு ஏதோ கோளாறு இருப்பதை உணர்ந்திருந்தார்கள். 72 சதவீதம் பேர் அதைப் பற்றிக் கவலைப்பட்டிருந்தார்கள். 52 சதவீதம் பேர் அரசு மருத்துவ நிலையத்துக்கே போய் வந்திருந்தார்கள்.

வர மாட்டார்கள் என்று யாருக்காக வண்டி அனுப்பத் திட்டம் போட்டார்களோ, அவர்களில் பாதிக்கு மேல் ஏற்கெனவே வந்து வாசலில் நின்றிருக்கிறார்கள். அங்கே அவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு பாட்டில் இருமல் மருந்து ஊற்றிக்கொடுத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

இந்த இடத்தைப் படித்தபோது நான் லேப்டாப்பை மூடி வைத்துவிட்டேன்.

அரசாஸ்பத்திரி இருமல் மருந்தை இந்தத் தலைமுறையில் பலரும் பார்த்திருக்க மாட்டீர்கள். பாட்டிலை நாம்தான் வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டும். மறந்துபோனால் வாசலில் காலி பாட்டில் விற்கும் கிழவியிடம் வாங்க வேண்டும். ஜன்னலுக்குள் பாட்டிலை நீட்டினால் பெரிய ஜாடியிலிருந்து கம்பவுண்டர் ஊற்றுவார். அம்மா சொல்லித்தான் இதெல்லாம் எனக்குத் தெரியும். அம்மாச்சி மூன்று முறை பாட்டிலோடு போயிருக்கிறாள்.

தும்கூர் ஆய்வு காகிதத்தோடு நிற்கவில்லை. 1962இல் தொடங்கிய தேசிய காசநோய்த் திட்டம் ஏறக்குறைய இந்த ஒரு கண்டுபிடிப்பின் மேல்தான் கட்டப்பட்டது. எக்ஸ்ரே வண்டி ஊர் ஊராகப் போக வேண்டாம். வாரக்கணக்கில் இருமுகிறேன் என்று தானாக வருகிறவரின் சளியை எடுத்து, ஒரு நுண்ணோக்கியில் பார்த்தால் போதும். அதை எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் செய்யலாம். பெங்களூரில் அப்போது உலக சுகாதார நிறுவனத்தின் சார்பில் இருந்த டென்மார்க் மருத்துவர் ஹால்ஃப்டான் மாலர், பிறகு 1973இல் அந்த நிறுவனத்துக்கே தலைவரானார். எல்லோருக்கும் அடிப்படை மருத்துவம் என்று 1978இல் அல்மா-அட்டாவில் உலக நாடுகள் கையெழுத்திட்டது அவர் காலத்தில்தான். தும்கூரிலிருந்து அல்மா-அட்டாவுக்கு ஒரே கோடாக இழுப்பது கொஞ்சம் மிகை. ஆனால் அந்தக் காலத்து இந்தியாவில் கிடைத்த பாடம் அவருக்குள் இருந்திருக்கும் என்றே நம்புகிறேன்.

*

காகிதத்தில் இவ்வளவு அழகாக இருந்த திட்டம் என்ன ஆனது? பானர்ஜி பிற்காலத்தில் தில்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் சமூக மருத்துவத் துறையை உருவாக்கி, இதைப் பற்றிக் கோபமாக எழுதிக்கொண்டே இருந்தார். ஆரம்ப சுகாதார நிலையங்களின் நேரத்தையும் பணத்தையும் குடும்பக் கட்டுப்பாட்டு இலக்குகள் தின்றுவிட்டன என்பது அவர் கட்சி. 1992இல் மத்திய அரசும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து திட்டத்தைப் பரிசீலித்தன. பணம் பத்தவில்லை, மருந்து அடிக்கடி தீர்ந்துபோகிறது, சிகிச்சை தொடங்குகிறவர்களில் பாதிப் பேர்கூட முடிப்பதில்லை. இன்னொன்றும் சொன்னார்கள்: சளியைப் பார்ப்பதை விட்டுவிட்டு எக்ஸ்ரேயையே அளவுக்கு மீறி நம்புகிறார்கள். முப்பது வருடம் சுற்றி வந்து அதே இடம்.

1992. அம்மாச்சியின் முதல் சீட்டும் அந்த வருடம்தான். எந்தச் சீட்டிலும் சளிப் பரிசோதனை எழுதியிருக்கவில்லை.

‘அது அந்தக் காலம்’ என்று சொல்லிவிடலாம்தான். 2015இல் தில்லியில் நடந்த ஓர் ஆய்வு வெளியானது. காசநோயாளி மாதிரிப் பேச ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, டாக்டர்களுக்குச் சொல்லாமல் கிளினிக்குகளுக்கு அனுப்பினார்கள். மொத்தம் 250 தடவை. முறைப்படி கவனிக்கப்பட்டது 21 சதவீதம்தான். 2014இல் இந்தியா முழுவதிலிருந்தும் வந்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த இன்னொரு கட்டுரை, இருமல் தொடங்கியதிலிருந்து சிகிச்சை தொடங்கும்வரை ஆகும் நாட்களைக் கணக்கிட்டது. நடுமதிப்பு சுமார் 55 நாள். நோயாளி தானாகத் தள்ளிப்போட்டது 18 நாள். டாக்டரிடம் போன பிறகு, என்ன வியாதி என்று தெரிய ஆனது 31 நாள். அதற்குள் சராசரியாக மூன்று பேரைப் பார்த்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் வைத்துக்கொண்டு ‘மக்கள் எல்லாம் சரியாகத்தான் செய்கிறார்கள், தப்பு முழுக்க டாக்டர் பக்கம்’ என்று கட்டுரையை முடிக்க எனக்கு ஆசைதான். பானர்ஜியைக் கொண்டாடுகிறவர்கள் சிலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் 52ஐப் பார்க்கிற கண் 48ஐயும் பார்க்க வேண்டும். தும்கூரில் 72 சதவீதம் பேர் கவலைப்பட்டிருக்கிறார்கள். அவர்களில் எல்லோரும் போகவில்லை. கவலைக்கும் காலடிக்கும் நடுவில் ஏதோ இருக்கிறது.

2019 முதல் 2021 வரை நாடு முழுவதும் காசநோய்க் கணக்கெடுப்பு ஒன்று நடந்தது. அதை ஒருங்கிணைத்தது அந்தப் பழைய சேத்துப்பட்டு மையம்தான். இப்போது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று பெயர். காசநோய் அறிகுறி உள்ளவர்களில் 64 சதவீதம் பேர் எந்த மருத்துவரிடமும் போகவில்லை என்று அது சொல்கிறது. (இவர்கள் அறிகுறி உள்ளவர்கள், எல்லோரும் நோயாளிகள் அல்ல. தும்கூர் எண்ணோடு நேரடியாக ஒப்பிடக் கூடாது.) ஏன் போகவில்லை? 68 சதவீதம் பேர் அறிகுறியைப் பொருட்படுத்தவில்லை. 18 சதவீதம் பேருக்கு அது காசநோயாக இருக்கலாம் என்று தெரியவில்லை. 12 சதவீதம் பேர் தாங்களே மருந்து சாப்பிட்டார்கள். பணமில்லாததால் போகவில்லை என்றவர்கள் 2 சதவீதம்.

‘பொருட்படுத்தவில்லை.’ படிவத்தில் ஒரு கட்டம். டிக் அடித்தால் முடிந்தது. ஸோலாவைப் படித்த பிறகு இந்த வார்த்தையை அப்படியே விட முடியவில்லை. முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொள்வதைப் பொருட்படுத்தாமை என்று சொல்வீர்களா? இருமல் வரும் என்று தெரிந்தே விடிகாலையில் கொல்லைப்பக்கம் போய் இருமி முடித்துவிட்டு வருவதை? வியாதியோடு ஒத்துப்போவது ஒரு வேலை. அவள் நாள் முழுக்க அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தாள். யாராவது படிவத்தோடு வந்து ஏன் போகவில்லை என்று கேட்டிருந்தால், “சும்மா இருமல்தான, விட்டுட்டேன்” என்றுதான் அவளும் சொல்லியிருப்பாள். டி.பி. என்ற வார்த்தை வீட்டுக்குள் வந்துவிட்டால் கல்யாணத்துக்கு நிற்கும் பெண்ணின் கதி என்ன என்பதைப் படிவக்காரரிடமா சொல்வாள்?

*

இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு போனேன். பெரியம்மாவிடம் காட்டினேன்.

“இது வேற யாருதாச்சும் இருக்கும்” என்றார் முதலில். பெயரைப் படித்துக் காட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, படிக்கத் தெரியாத எழுத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

ஆகஸ்ட் என்றதும் ஆடி என்றார். “ஆடியிலதான் ஆபீஸ்ல கணக்குப்பிள்ள சத்தம் போட்டாரு. இருமி இருமி பக்கத்துல யாரும் ஒக்கார மாட்டேங்குறாங்கன்னு. எண்ணிக்கையும் கொறஞ்சு போச்சு. ரெண்டு நாள் வேலைக்கு வராதன்னுட்டாரு.” வேலைக்கு வராதே என்ற நாளில் வேலைக்குப் போகாமல் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். கூலியை விட்டுவிட்டுப் போனாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். விடுவதற்கு அன்றைக்குக் கூலியே இல்லை.

நவம்பரில் சித்தியைப் பெண் பார்க்க வந்தார்கள். அதை அம்மாதான் சொன்னார். வந்தவர்கள் முன்னால் இருமக் கூடாதே என்று அம்மாச்சி பயந்ததும், அன்று முழுக்க அடுப்படியை விட்டு வெளியே வராததும் அம்மாவுக்கு ஞாபகம் இருக்கிறது. சீட்டின் தேதி அதற்கு மூன்று நாள் முந்தியது. அது பாஸ்டனில் எந்த வகையில் சேரும் என்று யோசித்துப் பார்த்தேன். பிறகு யோசிப்பதை நிறுத்திக்கொண்டேன்.

ஒன்று மட்டும் கண்ணில் பட்டது. ஒவ்வொரு சீட்டும் புதுச் சீட்டு. ஆகஸ்டில் வந்தவள்தான் நவம்பரில் வந்திருக்கிறாள் என்பது எதிலும் இல்லை. மூன்று டாக்டர்களும் மூன்று கையெழுத்து. அவர்கள் ஒவ்வொருவரும் பார்த்தது முதல் முறையாக இருமிக்கொண்டு வந்த ஒரு பெண்ணை. நூறு பேர் வரிசையில் ஒருத்தி. மூன்று சீட்டுகளையும் ஒன்றாகப் பார்த்த முதல் ஆள், முப்பது வருடம் கழித்து, நான்தான்.

ஜனவரிச் சீட்டைக் கையில் கொடுத்ததும் பெரியம்மா பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “தை மாசமா?” என்றார். “பொங்கலுக்கு நான் இங்க வந்திருந்தேன். பெரியவன் கைப்பிள்ள. நான்தான் சண்ட போட்டுக் கூட்டிட்டுப் போனேன் பாப்பா. வரவே மாட்டேன்னா. போய் என்னத்தக் குடுக்கப்போறான், அதே தண்ணியத்தான் ஊத்துவான்னா.”

“நீதான் கூட்டிட்டுப் போனியா பெரியம்மா?”

“ஆமா. மறந்தே போச்சு பாரேன்.” முப்பது வருடமாக ‘ஆஸ்பத்திரிக்கே போகல’ என்று எல்லோருக்கும் முந்திச் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்தான். அதை நான் சொல்லிக்காட்டவில்லை. அவரே அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார் என்று முகத்தில் தெரிந்தது.

“அதுல என்ன எழுதிருக்கு, வாசி.”

வாசித்தேன். மருந்தின் பெயர், ஒரு நாளைக்கு மூன்று வேளை, ஐந்து நாள். மேலே, முதல் வரியில்: இருமல், பத்து நாளாக.

“எத்தன நாளு?”

“பத்து நாள்னு போட்டிருக்கு.”

“பத்து நாளா? அம்மா வாயே தொறக்கல. நான்தான் சொன்னேன். ஆடியில இருந்துன்னு சொன்னேனே. நல்லா ஞாபகம் இருக்கு, ஆடியில இருந்து இருக்குங்க சார்னு சொன்னேன்.”

சீட்டை வாங்கி மடித்து டப்பாவுக்குள் வைத்தார். மூடி சரியாகப் பொருந்தவில்லை. இரண்டு முறை அழுத்திப் பார்த்தார். அப்புறம் டீ போட எழுந்து போனார்.